ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திரம் திங்கட்கிழமை எங்க போகுது?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். ஞாயித்துக்கிழமை ஆராதனைல கண்ணீர் வருது, திங்கட்கிழமை காலைல பைக் ஸ்டார்ட் ஆகலன்னா வாயில வேற வார்த்தை வருது. வேலை போய் நாலு மாசம் ஆச்சு, அதுக்கும் நன்றி சொல்லுங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, சொல்ல வாய் வரல. தாழ்மையா இருன்னு எல்லாரும் சொல்றாங்க, மாமனார் வீட்ல மட்டம் தட்டும்போது தலைய குனிஞ்சுட்டு நிக்கிறதுதான் தாழ்மையா. இவ்வளவுதான உங்க கேள்வி. நான் ஐயர் இல்ல (எங்க பக்கம் சபை குருவானவர அப்படித்தான் சொல்வோம்), பாஸ்டரும் இல்ல. சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமத்துல பொறந்தவன், தாத்தா உபதேசியாரா, அதாவது ஊர் சபைல வேதம் சொல்லிக்குடுக்கிறவரா இருந்தாரு, நான் முப்பது வருஷத்துக்கு மேல ஓய்வுநாள் பாடசாலைல பிள்ளைங்களுக்கு சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன், கொஞ்சம் கிரேக்கம் தபால் வழியா படிச்சேன். அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமாதான் போகும், டீ போட்டு வச்சுக்கோங்க.

முதல்ல இந்த ஸ்தோத்திரம்ங்கிற வார்த்தை. நம்ம ஊர்ல அது வணக்கம் மாதிரி ஆயிடுச்சு, தெருவுல பார்த்தா "தோத்திரம் ஐயா", போன் எடுத்தா தோத்திரம், போன வைக்கும்போதும் தோத்திரம். ஜெபம் பண்றவருக்கு அடுத்து என்ன சொல்றதுன்னு தெரியலன்னா நடுவுல நாலு ஸ்தோத்திரம் போட்டு யோசிச்சுக்குவாரு, நானும் பண்ணிருக்கேன். இன்னொரு சிக்கல் என்னன்னா நம்ம பழைய தமிழ் வேதாகமத்துல 'நன்றி சொல்றது'ங்கிற கிரேக்க வார்த்தைய பல இடத்துல ஸ்தோத்திரம்னுதான் போட்டிருக்காங்க, அதனால புகழுறது எது நன்றி சொல்றது எதுன்னு நமக்கு ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சு. அந்த கிரேக்க வினைச்சொல் யூக்கரிஸ்தேயோ. கத்தோலிக்கர் நற்கருணைன்னு சொல்றதுக்கு மத்த மொழிகள்ல இருக்கிற யூக்கரிஸ்துங்கிற பேரு இதுலருந்து வந்ததுதான்.

இப்ப லூக்கா சுவிசேஷத்த எடுத்துக்கோங்க, இந்த வார்த்தைய மூணு இடத்துல பாருங்க. உங்க கேள்விக்கு நான் சொல்லப்போற பதில் முழுசும் இந்த மூணு இடத்துக்குள்ளதான் இருக்கு.

17ஆம் அதிகாரம். பத்து குஷ்டரோகிங்க தூரத்துல நின்னு கூப்பிடுறாங்க, போய் ஆசாரியர்கிட்ட, அதாவது யூத ஆலய குருக்கள்கிட்ட, காட்டுங்கன்னு இயேசு சொல்றாரு, போற வழிலயே சுத்தமாயிடுறாங்க. ஒருத்தன் மட்டும் திரும்பி வர்றான், அவன் சமாரியன், அந்த யூத கூட்டத்துல அவன் வெளி ஆளு. வந்து முகங்குப்புற விழுந்து நன்றி சொல்றான், அங்க இந்த வார்த்தை வருது. மத்த ஒன்பது பேரையும் பிரசங்கத்துல போட்டு காய்ச்சி எடுப்பாங்க, ஆனா எனக்கு அவங்க மேல கோவம் வரமாட்டேங்குது. அவங்க சொன்னபடிதான செஞ்சாங்க, ஆசாரியர்கிட்ட போகச் சொன்னாரு, போனாங்க. வருஷக்கணக்கா வீட்ட பாக்கல, பொண்டாட்டி பிள்ளைய தொடல, சுத்தம்னு சர்டிபிகேட் வாங்கினாத்தான் ஊருக்குள்ளயே விடுவாங்க. சீக்கிரம் போகணும்னு ஓடிருப்பாங்க. நாமளும் அப்படித்தான், நன்றி கெட்டவங்க இல்ல, அவசரக்காரங்க. கிடைச்சத வாங்கிட்டு அடுத்த வேலைக்கு ஓடிட்டோம். திரும்பி நடந்தானே அந்த சமாரியன், அவனுக்கு அது எக்ஸ்ட்ரா நடை, கொஞ்ச நேரம் லேட்டு. நன்றின்னா மொத செலவு அதுதான்.

அடுத்த அதிகாரம், 18. ரெண்டு பேர் ஜெபம் பண்ண தேவாலயத்துக்குப் போறாங்க, ஒருத்தன் மதச்சட்டத்த கறாரா கடைப்பிடிக்கிற பரிசேயன், இன்னொருத்தன் வரி வசூல் பண்ற ஆயக்காரன். பரிசேயன் நின்னுக்கிட்டு, மத்தவங்க மாதிரி நான் இல்ல, இந்த ஆயக்காரன் மாதிரி இல்ல, அதனால உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்னு சொல்றான். அதே வார்த்தை, அதே வினைச்சொல். அந்த சமாரியன் சொன்னதும் இதுதான், இவன் சொல்றதும் இதுதான். மொத தடவ கிரேக்கத்துல இத பார்த்தப்ப எனக்கு கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டுது, ஏன்னா பரிசேயன் பெருமை பேசினான்னுதான் சின்ன வயசுலருந்து கேட்டிருக்கேன், அவன் பண்ணது நன்றி ஜெபம்னு யாரும் சொன்னதில்ல. அவன் பொய் சொல்லல பாருங்க, வாரத்துக்கு ரெண்டு நாள் உபவாசம், தசமபாகம்னு வருமானத்துல பத்துல ஒரு பங்கு, எல்லாம் உண்மைதான் இருக்கும். கடவுளுக்குத்தான் நன்றியும் சொல்றான். ஆனா கண்ணு பக்கத்துல நிக்கிறவன் மேல இருக்கு.

இத வெறும் பாடமா நான் சொல்லல. சில வருஷம் முன்னாடி டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை, நம்ம சபைகள்ல வழக்கமா சாட்சி சொல்லச் சொல்வாங்கல்ல, கடவுள் செஞ்ச நன்மைய எல்லார் முன்னாடியும் சொல்றது, எம் பொண்ணுக்கு அந்த வருஷம்தான் நல்ல காலேஜ்ல சீட் கிடைச்சிருந்துச்சு. நான் மைக்க வாங்கி, கர்த்தர் எங்களைத் தலைகுனிய விடல, ஜெபத்த கேட்டாரு, உண்மையுள்ளவரு அப்படின்னு அஞ்சு நிமிஷம் பேசிட்டேன். எல்லாரும் அல்லேலூயான்னாங்க. வந்து உக்காரும்போதுதான் பாக்கிறேன், எனக்குப் பின்னாடி பெஞ்சுல ஒரு அம்மா, அவங்க பேரனும் அதே பரீட்சை எழுதினவன், கிடைக்கல, பையன் வீட்ட விட்டே வெளிய வர்றதில்லன்னு எனக்கே தெரியும். அந்த அம்மாவும் அல்லேலூயா சொல்லிட்டுதான் இருந்தாங்க. அவங்க ஜெபம் பண்ணலயா? என்னைவிட அதிகமா பண்ணிருப்பாங்க. நான் சொன்னதுல ஒரு வார்த்தை கூட பொய் இல்ல, ஆனா அவங்க காதுல அது எப்படி விழுந்திருக்கும்னு நினைச்சப்ப, புது வருஷம் பொறந்து வேத வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டைய கைல குடுக்கிற வரைக்கும் எனக்குத் தலை நிமிரல. அப்புறம் நான் மைக்குல சாட்சி சொல்றத விட்டுட்டேன். சொல்றவங்கள தப்பு சொல்லல, எனக்கு அது ஒத்துவரல, அவ்வளவுதான்.

மூணாவது இடம் 22ஆம் அதிகாரம், கடைசி ராப்போஜனம். காட்டிக்குடுக்கப் போறவன் அதே மேஜைல கை வச்சிருக்கான், விடிஞ்சா சிலுவை. அந்த ராத்திரில அப்பத்த எடுத்து ஸ்தோத்திரம்பண்ணி, பிட்டு, குடுத்தாரு. திரும்பவும் அதே வார்த்தை. எடுத்தாரு, நன்றி சொன்னாரு, பிட்டாரு, குடுத்தாரு, நாலு வினையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு வருது. நன்றி சொன்ன உடனே அந்த அப்பம் அவர் கைல இல்ல, பிச்சு அடுத்தவங்க கைக்குப் போயிடுச்சு. பரிசேயனோட நன்றில எதுவும் கைமாறல. வேடிக்கை என்னன்னா இவ்வளவும் முடிஞ்ச கையோட சீஷங்க என்ன பண்றாங்க தெரியுமா, நம்மள்ல யார் பெரியவன்னு வாக்குவாதம். முதல் திருவிருந்து முடிஞ்ச சூட்டோட சண்டை. ஞாயிறு ஆராதனை, திங்கள் எரிச்சல்னு நீங்க வருத்தப்படுறீங்களே, உங்களுக்கு ஒரு நாளாவது கேப் இருக்கு தம்பி.

இப்ப நான் சொல்ல வர்றது புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். நன்றிய ஒரு ஃபீலிங்னு நினைச்சுட்டு அது வரல வரலன்னு காத்துட்டு இருக்கோம். வேதத்துல அது கையால செய்ற வேலை. திரும்பி நடக்கிறது, பிட்டுக் குடுக்கிறது, கூடைய தூக்கிட்டு வந்து வைக்கிறது. உபாகமம் 26ஆம் அதிகாரம் படிச்சுப் பாருங்க, முதற்பலன, அதாவது மொத விளைச்சல, கூடைல கொண்டுவந்து ஆசாரியன் முன்னாடி வைக்கணும், வச்சிட்டு சும்மா நன்றின்னு சொல்லக்கூடாது, எங்க மூதாதை ஒரு நாடோடி, எகிப்துக்கு கொஞ்சப் பேரா போனோம், அங்க எங்கள ஒடுக்குனாங்க, கத்தினோம், கேட்டாரு, இந்த மண்ண குடுத்தாருன்னு குடும்பக் கதைய வாய்விட்டு சொல்லணும். அப்புறம் அந்த வீட்ல ஆலய ஊழியம் பண்ற லேவியனும் ஊர்ல தங்கியிருக்கிற பரதேசியும் சேர்ந்து சந்தோஷமா இருக்கணும்னு அதே இடத்துல சொல்லிருக்கு. நான் எங்கருந்து வந்தேன்னு மறக்காம இருக்கிறது தாழ்மை, பரதேசிக்கு இலை போடுறது நன்றி, ரெண்டையும் ஒரே கூடைலதான் வச்சிருக்காங்க.

எங்க பக்கத்து சபைகள்ல இதெல்லாம் பழக்கமாவே இருந்துச்சு, பேர் தெரியாம செஞ்சுட்டு இருந்தோம். எங்க ஆச்சி அடுப்படில ஒரு சின்ன மண்பானை வச்சிருப்பாங்க. உலைக்கு அரிசி அளந்து போட்டதும், அளந்த அரிசிலருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானைல போடுவாங்க. கவனிங்க, மூட்டைலருந்து இல்ல, அளந்ததுலருந்து. அதாவது அன்னைக்கு எங்க வீட்ல ஒரு பிடி சோறு குறையும். ஞாயித்துக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும், சர்ச்ச நாங்க கோயில்னுதான் சொல்வோம். பிடியரிசி, கைப்பிடி அரிசி, ஊருக்கு ஒரு பேரு. இது நம்ம கண்டுபிடிப்பு மட்டும்னு நினைச்சுடாதீங்க, காஞ்சி மடத்துப் பெரியவர் சொல்லி இந்து வீடுகள்லயும் பிடியரிசி எடுத்து வச்சிருக்காங்க. வடகிழக்குல மிசோரம்ல பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910லருந்து ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு பிடி அரிசி எடுத்து வச்சு அதுலருந்து சபை ஊழியத்துக்குக் குடுக்கிறாங்க, அங்க அதுக்கு புஃபாய் தாம்னு பேரு. பணமே கைல இல்லாத பொம்பளைங்களுக்குக் கூட குடுக்கிறதுக்கு ஒண்ணு இருக்குன்னு காட்டுன ஏற்பாடு அது. ஆச்சிகிட்ட போய் நீங்க நன்றியுணர்வோட இருக்கீங்களான்னு கேட்டா முழிச்சிருப்பாங்க. சில நாள் தாத்தாகூட சண்டை போட்டுட்டே அந்தப் பிடிய போடுவாங்க, முகத்துல ஒரு ஸ்தோத்திரமும் இருக்காது, ஆனா கை போட்டுடும். உணர்ச்சி இருந்தாலும் இல்லாட்டியும் கை போட்டுடும், அந்தப் பழக்கம் அவங்கள தூக்கி நிறுத்துச்சு.

அப்புறம் ஏலம். நீங்க சென்னைலயே வளர்ந்தவரு, பாத்திருப்பீங்களோ என்னவோ. ஆராதனை முடிஞ்சு கோயில் வாசல்ல காணிக்கையா வந்தத ஏலம் விடுவாங்க, மொத காய்ச்ச முருங்கைக்காய் ஒரு கட்டு, கோழி இட்ட மொத முட்டை, ஒரு குலை வாழை, சில நாள் ஒரு சேவல் காலக் கட்டிப் போட்டிருக்கும், அது ஜெபத்து நேரத்துலயே கூவும். ஒருத்தர் முட்டைய தூக்கிப் புடிச்சு பத்து ரூபான்னு ஆரம்பிப்பாரு, இருபது, அம்பது, வெளியூர்லருந்து வந்த ஒருத்தர் நூறும்பாரு, ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம். ஒத்த முட்டை நூறு ரூபா. இதுலயும் பந்தா உண்டு, நான் இல்லைன்னு சொல்லல, ஒரு எலுமிச்சம்பழத்த ஆயிரம் ரூபாய்க்கு எடுத்துட்டு சுத்தி ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, அது அந்தப் பரிசேயன் பார்வைதான். ஆனா முட்டைய கொண்டு வந்து வச்ச கிழவி யாருன்னு அந்த ஏலத்துல யாரும் கேக்கமாட்டாங்க. வச்சுட்டு செருப்ப மாட்டிட்டு போயிருப்பாங்க. எனக்கு இப்ப யோசிச்சா ஏலம் எடுத்தவங்க முகம் பாதி ஞாபகம் இருக்கு, வச்சவங்க முகம் ஒண்ணும் ஞாபகம் இல்ல.

அசனம் இன்னொண்ணு. வருஷத்துக்கு ஒரு நாள் சபையே கூடி சமைச்சு ஊருக்கே போடுற சாப்பாடு, திருநெல்வேலி தூத்துக்குடிப் பக்கம் பெரிய திருவிழா. பெரிய பெரிய வட்டா, விறகடுப்பு, ராத்திரி முழுக்க தேங்கா துருவுறது, விடியக்காலைல குழம்பு வாசம் ரெண்டு தெரு தள்ளி வரும். எந்த மதம் எந்தத் தெருன்னு கேக்காம எல்லாருக்கும் பந்தி, போதாததுக்கு தூக்குவாளில வேற வாங்கிட்டுப் போவாங்க. டாக்டரா இருக்கிறவரு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வாளிய தூக்கிட்டு சாம்பார் ஊத்திட்டு வருவாரு. அன்னைக்கு காலைல நடந்த பிரசங்கம் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது, அது பரவால்ல.

இப்ப வேலை போனதுக்கு நன்றி சொல்லணுமாங்கிற கேள்வி. தெசலோனிக்கே சபைக்கு எழுதின கடிதத்துல பவுல் அப்போஸ்தலர் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்"னு சொல்றாரு. எல்லாவற்றி*லேயும்*. நடந்த கெடுதலுக்காக நன்றின்னு இல்ல, அதுக்குள்ள நிக்கும்போதும் நன்றி. ஆனா நேர்மையா சொல்லணும்னா எபேசியர் 5:20ல எல்லாவற்றிற்காகவும்னே இருக்கு, அத நான் மறைக்க விரும்பல. என் புரிதல் என்னன்னா, பவுல் தான் வாங்கின அடிய நல்ல அடின்னு ஒரு இடத்துலயும் சொல்லல. ஆசியாவுல பிழைப்போம்ங்கிற நம்பிக்கையே அத்துப்போற அளவுக்கு பாரம்னு கொரிந்தியருக்கு வெளிப்படையா எழுதுறாரு. சங்கீதம் புத்தகத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு புலம்பல், 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், நன்றின்னு ஒரு வார்த்தை இல்ல, அதையும் ஆராதனைப் பாட்டாத்தான் வச்சிருக்காங்க. அதனால உங்க வேலை போனத கடவுள் குடுத்த கிஃப்ட்னு நீங்க நடிக்க வேண்டியதில்ல. ஆண்டவரே எனக்குக் கோவமா இருக்கு, இஎம்ஐக்கு என்ன பண்ணப் போறேன்னு சொல்றதும் ஜெபம்தான். அத சொல்லி முடிச்சுட்டு இன்னைக்கு சோறு இருந்துச்சு, நண்பன் ஒருத்தன் ரெண்டு கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்பினான், அதுக்கு நன்றின்னு சொல்லுங்க. ரெண்டும் ஒரே வாயிலருந்து வரலாம்.

ஜெர்மனில ஐலன்பர்க்னு ஒரு ஊரு, அங்க மார்ட்டின் ரிங்கார்ட்னு ஒரு லுத்தரன் போதகர், முப்பதாண்டுப் போர் காலம். மதில் சூழ்ந்த ஊருங்கிறதால சுத்துப்பட்டு ஜனங்க எல்லாம் உயிருக்கு பயந்து உள்ள வந்து அடைஞ்சாங்க, கூடவே பஞ்சமும் கொள்ளைநோயும் வந்துச்சு. 1637ல மத்த போதகருங்க செத்தவங்க போக, போனவங்க போக, கடைசில இவர் ஒருத்தர்தான் மிச்சம், ஒரே நாள்ல நாப்பது அம்பது பேர அடக்கம் பண்ணிருக்காரு, அந்த வருஷம் மட்டும் நாலாயிரத்துக்கு மேலன்னு கணக்கு, அதுல அவர் மனைவியும் ஒருத்தங்க. உலகம் பூரா இன்னைக்கும் பாடுற பெரிய நன்றிப் பாட்டு ஒண்ணு அவர் எழுதுனதுதான். பெரிய பெரிய விழாவுல ஆர்கன் வச்சு பாடுறாங்க, ஆனா அவர் அத மொதல்ல எழுதுனது வீட்ல பிள்ளைங்க சாப்பிட்டு முடிச்சதும் சொல்றதுக்கு ஒரு சின்ன சாப்பாட்டு ஜெபமாத்தான். போரும் பஞ்சமுமா இருக்கிற ஊர்ல தட்டுல என்ன பெருசா இருந்திருக்கும். அவர் போருக்கு நன்றி சொல்லல, தட்டுல இருந்ததுக்கு சொன்னாரு.

தாழ்மைக்கு வர்றேன், இதுல எனக்கு கொஞ்சம் சூடா பேச வரும், மன்னிச்சுக்கோங்க. மனத்தாழ்மைன்னு நம்ம வேதாகமத்துல இருக்கிற வார்த்தைக்கு கிரேக்கத்துல இருக்கிற வேர்ச்சொல் அந்தக் காலத்துல நல்ல வார்த்தையே இல்ல, கீழ்மட்டத்து ஆளு, தாழ்ந்தவன், அடிமைப்புத்திங்கிற மாதிரி ஏச்சு. கிறிஸ்தவங்க அத எடுத்து பெரிய குணமா ஆக்கினாங்க, ஏன்னா மேல இருக்கிறவரு துண்ட கட்டிக்கிட்டு கால் கழுவினத பாத்துட்டாங்க. கவனிங்க, மேல இருக்கிறவரு கீழ வந்தாரு. ஏற்கனவே கீழ அமுக்கி வச்சிருக்கிறவன பார்த்து நீ தாழ்மையா இருன்னு மேல உக்காந்துட்டு சொல்றது வேற விஷயம், அந்த வித்தைல நம்ம நாட்டு சபைகளுக்கு ரொம்ப பழக்கம். கோயிலுக்குள்ளயே ஜாதிக்கு ஒரு பக்கம், திருவிருந்து பாத்திரத்துல யார் முதல்ல குடிக்கிறதுன்னு தகராறு, இதெல்லாம் நடந்தது. 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைல ஜாதி வித்தியாசத்த விட்டே ஆகணும்னு கடிதம் எழுதினப்போ தஞ்சாவூர்ப் பக்கம் ஜனங்க கூட்டம் கூட்டமா சபைய விட்டு விலகி நின்னாங்க. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில ரெண்டு ஜாதிக்கு ரெண்டு பக்கமா, நடுவுல தடுப்பு வச்சே கட்டிருந்தாங்க, அந்தத் தடுப்ப 1910லதான் இடிச்சாங்க, அதுக்கப்புறம் அது கோர்ட் கேஸ் வரைக்கும் போச்சு. அந்த ரெண்டு பக்கமும் உக்காந்து ஒரே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிருப்பாங்கல்ல.

அதனால உங்க மாமனார் வீட்டு விஷயத்துல என் பதில் இது. இயேசுவ ஒரு சேவகன் கன்னத்துல அறைஞ்சப்போ அவர் மறு கன்னத்த காட்டிட்டு சும்மா இருக்கல, நான் தப்பா பேசியிருந்தா தப்பு என்னன்னு சொல்லு, சரியாத்தான் பேசினேன்னா ஏன் அடிக்கிறன்னு கேட்டாரு, யோவான் 18ல இருக்கு. பவுல பிலிப்பி ஊர்ல விசாரிக்காம அடிச்சு ஜெயில்ல போட்டு, மறுநாள் கமுக்கமா போயிடுன்னு ஆள் அனுப்புனப்போ, அதெல்லாம் முடியாது, எங்கள எல்லார் முன்னாடியும் அடிச்சீங்கள்ல, நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்கன்னு உக்காந்துட்டாரு. மனத்தாழ்மைன்னு சபைக்கு எழுதுன அதே ஆளு, அந்தக் கடிதமே அதே பிலிப்பி ஊருக்குத்தான் எழுதினது. அதனால மாமனார்கிட்ட மரியாதையா, குரல் உசத்தாம, மாமா இப்படி பேசினது எனக்கு வலிக்குதுன்னு சொல்றதுல தாழ்மைக்கு ஒரு குறைவும் இல்ல. வாய மூடிட்டு உள்ள வஞ்சம் வச்சுக்கிட்டு இருக்கிறதுதான் எனக்கு ஆபத்தா படுது.

தாழ்மைன்னா என்னன்னு ஒரு வரில கேட்டா, கொரிந்தியருக்கு பவுல் கேட்ட கேள்விதான், "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" இத ஒரு நாள் உக்காந்து நிஜமாவே கணக்கு எடுத்துப் பாருங்க. நான் ஒரு தடவ எடுத்தேன். பி.காம் படிச்சேன், என் சொந்த முயற்சின்னு சொல்லிட்டு திரிஞ்சேன். ஃபீஸ் கட்டினது அப்பா வித்த ரெண்டு பனந்தோப்பு, சேத்துவிட்டது சித்தப்பா, ஹாஸ்டல்ல டைபாய்டு வந்தப்ப கஞ்சி வச்சு குடுத்தது மெஸ்ல வேலை பாத்த ஒரு அக்கா, அவங்க பேரு கூட எனக்குத் தெரியாது. அந்த இடத்துல பேனாவ வச்சுட்டேன். பேரே தெரியாத ஆளுக்கு எப்படி நன்றி சொல்றது? இப்ப எங்க ஆபீஸ் கேண்டீன்ல தட்டு எடுக்கிற அம்மா பேரு எனக்குத் தெரியும், அவங்க மகன் எந்த கிளாஸ் படிக்கிறான்னும் தெரியும். பெரிய சாதனை இல்ல, கேட்டேன், சொன்னாங்க.

பெரிய வியாழன் அன்னைக்கு கால் கழுவுற சடங்கு பாத்திருப்பீங்க, பன்னிரண்டு பேர் முன்னாடியே வீட்ல நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து உக்காருவாங்க, எனக்கு எப்பவும் சிரிப்பு வரும். சாமியாரு கழுவும்போது அழுக்கே இருக்காது. பேதுரு கால்ல ஒட்டியிருந்தது நிஜமான எருசலேம் தெருப் புழுதி.

ஆராதனைக்கு வர்றேன். இங்கயும் ஒரு வார்த்தை விஷயம் இருக்கு, சுருக்கமா சொல்லிடுறேன். எபிரெயத்துல வேலை, ஊழியம், ஆராதனை மூணுக்கும் ஒரே வேர்தான், ஆபத். ஏதேன் தோட்டத்த பண்படுத்தன்னு ஆதாமுக்கு சொன்னதும் அந்த வேர். எனக்கு ஆராதனை செய்யும்படி என் ஜனங்கள போகவிடுன்னு மோசே பார்வோன்கிட்ட கேட்டதும் அதே வேர். பார்வோன் அவங்கள செங்கல் சூளைல பிழிஞ்சு எடுத்த கொடுமையான வேலைக்கும் அதே வேர்தான். ஆக வேலை ஆராதனையாவும் ஆகலாம், அடிமைத்தனமாவும் ஆகலாம். அதனால 'எந்த வேலையும் ஆராதனைதான், சம்பளம் கேக்காம செய்'னு யாராவது ஊழியம்ங்கிற பேர்ல சொன்னா கொஞ்சம் உஷாரா இருங்க, பார்வோனும் அந்த வார்த்தையதான் யூஸ் பண்ணான்.

பாரிஸ்ல 17ஆம் நூற்றாண்டுல ஒரு கர்மேல் மடத்து சகோதரர், லாரன்ஸ்னு பேரு, அதுக்கு முன்னாடி போர்ல காயம்பட்டு காலு தாங்கித் தாங்கி நடக்கிற பழைய சிப்பாய். மடத்துல அவர சமையல்கட்டுல போட்டுட்டாங்க, அவருக்கு இயல்பாவே பிடிக்காத வேலை, ஆனா வருஷக்கணக்கா அங்கதான் இருந்தாரு, அப்புறம் செருப்பு தைக்கிற வேலை. அவர் சொன்னது ரொம்ப எளிமை, சட்டில முட்டைய திருப்பிப் போடுறதையும் கடவுள் மேல இருக்கிற பிரியத்துக்காக செய்றேன், சத்தமும் கூப்பாடுமா இருக்கிற சமையல்கட்டுல எனக்கு அவர் இருக்கிறது திருவிருந்து முன்னாடி முழங்கால்ல நிக்கிறப்ப இருக்கிற மாதிரியேதான் இருக்குன்னு. நமக்கு இது வர வருஷம் பிடிக்கும், அவருக்கும் ஆரம்பத்துல பல வருஷம் கஷ்டமாத்தான் இருந்துச்சுன்னு அவரே சொல்லிருக்காரு. நமக்குக் கிட்டத்துல உதாரணம் வேணும்னா எங்க ஊர் கோயில்ல மணி அடிக்கிற தாத்தா. விடியக்காலைல நாலரை மணிக்கு வந்து பெஞ்சு மேல இருக்கிற புறா எச்சத்த ஈரத்துணி வச்சு துடைப்பாரு, ஒவ்வொரு பெஞ்சா, பின்னாடி யாரும் உக்காராத பெஞ்சையும். நான் சின்னப் பையனா இருக்கும்போது கேட்டேன், தாத்தா அதுல யாரும் உக்காரமாட்டாங்களே. யாராவது லேட்டா வருவாங்கல்லடேன்னாரு.

நடைமுறைல என்ன பண்ணலாம்னு கேட்டீங்கன்னா, பெரிய லிஸ்ட் எதுவும் என்கிட்ட இல்ல. ராத்திரி குடும்ப ஜெபத்துல 'இந்த நாள் முழுதும் காத்தீரே'ன்னு மொத்தமா சொல்றதுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு, அன்னைக்கு நடந்தது, பேரோட சொல்லுங்க. ஸ்டார்ட் ஆகாத பைக்க தள்ளிவிட்ட வாட்ச்மேன் அண்ணனுக்காகன்னு சொல்லுங்க. மறுநாள் அவர்கிட்டயே நேர்ல சொல்லுங்க, கடவுள்கிட்ட சொல்லிட்டு ஆள்கிட்ட சொல்லாம விடுறது அரைகுறை. வேலை இல்லாத இந்த நேரத்துல காணிக்கை குடுக்க முடியலன்னு குற்ற உணர்ச்சி வேண்டாம், தசமபாகம் குடுக்காததாலதான் வேலை போச்சுன்னு யாராவது சொன்னா அவங்ககிட்ட தயவு செஞ்சு வாக்குவாதம் பண்ணாதீங்க, எந்திரிச்சு வந்துடுங்க.

எங்க வீட்ல ஆச்சியோட பானை உடைஞ்சு போச்சு, இப்ப ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில். குக்கர் வைக்கும்போது ஒரு பிடி. என் கை பிடி நிறுத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட நாப்பது கிராம், ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னா மாசம் ஒண்ணேகால் கிலோ கிட்ட வருது. தெருமுனைல இஸ்திரி போடுறவர் வீட்ல அஞ்சு பேரு, அங்க குடுக்கிறோம். மொத மாசம் என் வீட்டம்மா கேட்டாங்க, கடைல ஒரு பாக்கெட் வாங்கி நேரா குடுத்துட்டா போதாதா, இது என்ன தினம் பிடி பிடியான்னு. நல்ல கேள்விதான். நான் அப்ப சரியா பதில் சொல்லல. போன வாரம் நான் ஊருக்குப் போயிட்டு வந்து பாக்கிறேன், பாட்டில் நான் விட்டுட்டுப் போனதவிட ரெண்டு விரக்கடை மேல இருந்துச்சு.